பதில்: ஸ்பிரைட்டுக்குத் தமிழ்ல என்ன? (பாவைய நானே வாபஸ் வாங்கிக்கிறேன்)

எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்கிராட்ச்ங்கற புள்ளைங்களுக்கான புரோகிராம் மொழியில, திரையில நாம கட்டளை குடுத்து ஆட்டிவைக்கிற ஒவ்வொரு உருவத்துக்கும் பேரு ஸ்பிரைட், அதுக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுறோம். போன வாரம் இந்த இழையில "பாவை"ன்னு கிளப்பிவிட்டது நான்தான். குறள் 1020ல "மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று"ன்னு வருது, உயிரில்லாத ஒண்ண கயித்தக் கட்டி உயிர் இருக்கற மாதிரி ஆட்டிக்காட்டுறது, ஸ்பிரைட்டுக்கு இத விட என்ன வேணும்னு தெனாவட்டா வேற எழுதியிருந்தேன். ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல அது பத்து நிமிசம் தாங்கல. போர்டுல பாவைன்னு எழுதுனதும் ஏழாவது படிக்கிற பய ஒருத்தன் "மார்கழில கோயில் மைக்ல போடுவாங்களே, அதா சார்?"னான், அடுத்தவன் பந்தக் காட்டி "இதுக்கு கை காலே இல்லையே, இது எப்படி பாவை?"ன்னான், முடிஞ்சுது கதை. இங்கிலீஷ் சொல்லயே வச்சுட்டுப் போலாமேன்னு எழுதுனவங்களுக்கும் ஒரு தகவல்: முத வாரம் நான் ஸ்பிரைட்னு சொன்னப்ப மொத்த கிளாசும் ஜில்லுன்னு குடிக்க ஏதோ வரப்போவுதுன்னு வாசலப் பாத்துச்சு.

புதுசா சேந்தவங்களுக்காக ரெண்டு வரி. பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமத்து நூலகத் தாழ்வாரத்துல புள்ளைங்களுக்கு ஸ்கிராட்ச் சொல்லித்தரோம். எம்ஐடி மீடியா லேப் 2007ல வெளியிட்டது, கட்டளை எழுதுன பிளாக்க இழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டவச்சா (அந்த அடுக்குதான் ஸ்கிரிப்ட்) கேம் ஓடும், செமிகோலன் தொல்லை இல்ல, நெட் இல்லாமயும் ஓடும்கிறதால எங்களுக்குத் தோது. அரசு குடுத்த பழைய லேப்டாப் 4, புள்ளைங்க 11. மூணு பேருக்கு ஒரு லேப்டாப்ங்கறத நான் கொறையாத்தான் நெனச்சேன், இப்ப அப்படித் தோணல, ஏன்னா மவுஸ் ஒருத்தன் கையில இருந்தா மத்த ரெண்டு பேரும் வாயாலதான் கேம் செஞ்சாவணும், சொல் தேவைப்படுறதே அங்கதான்.

> ஸ்பிரைட் என்பதன் பொருள் சிறு ஆவி, தேவதை. எனவே சங்கச் சொல்லான "அணங்கு" பொருந்தும்.

ஐயா, வேர்ப்பொருள நீங்க பிடிச்சது சரிதான். 1979ல டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விட்ட வீடியோ சிப்புல இந்தப் பேரு வருது, பின்னாடி இருக்கற படத்துல கைய வைக்காம அதுக்கு மேல ஆவி மாதிரி மெதந்து போறதால ஸ்பிரைட். அந்த சிப்பு மொத்தம் 32தான் காட்டும், அதுலயும் ஒரே வரியில அஞ்சாவது ஒண்ணு வந்தா அது கண்ணுக்குத் தெரியாது, நெஜமாவே ஆவிதான். ஆனா எட்டாவது படிக்கிற புள்ளகிட்ட "அணங்கை இடப்பக்கம் நகர்த்து"ன்னு சொல்ல எனக்கு தைரியம் இல்ல, மன்னிச்சுக்குங்க. பேர் வச்சவன் மனசுல என்ன நெனச்சான்கறத விட்டுட்டு அந்தப் பொருள் என்ன வேலை செய்யுதுன்னு பாக்கலாம்னு தோணுது. லோகோங்கற புள்ளைங்களுக்கான பழைய புரோகிராம் மொழியில, திரையில நகர்றதுக்கு ஆமைன்னு வச்சாங்க, எந்தக் கொழந்தைக்கும் அத விளக்க வேண்டி வரல.

> உரு?

சின்னச் சொல், ஒட்டு போட வசதி. ஆனா எங்க ஊருல உரு போடுறதுன்னா மனப்பாடம் பண்றது. பரீட்சை ஞாபகம் வரும், வேணாம்.

> பொம்மைன்னே வைங்களேன். கும்பகோணம் பக்கத்து பொம்மலாட்டத்துல ஆட்டுறவர் தலையில வளையம் மாட்டி அதுல கயித்தக் கட்டி உடம்ப ஆட்டுவார், கையில கம்பி பிடிச்சு பொம்மையோட கைய ஆட்டுவார். ஒரே பொம்மைக்கு ரெண்டு ஸ்கிரிப்ட் ஒரே நேரத்துல ஓடுது, அதேதானே இது?

அக்கா, இந்த வளையம் கம்பி உதாரணத்த கிளாஸ்ல அப்படியே திருடிட்டேன், ஒரே ஸ்பிரைட்டுக்கு எப்படி ரெண்டு ஸ்கிரிப்ட்னு அன்னிக்குத்தான் அவங்களுக்கு வெளங்குச்சு. பின்னணிக்கு நீங்க சொன்ன "படுதா"வும் ஒட்டிக்கிச்சு, கூத்து நாடகம் பாத்த புள்ளைங்க, கேள்வியே வரல. பொம்மைதான் மாட்டிக்கிச்சு. ஒன்பதாவது பசங்க "சின்னப்புள்ள வெளையாட்டா சார் இது?"ன்னு மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டாங்க, அந்த வயசுக்கு அது பெரிய விசயம்.

இனி நடந்தத சொல்றேன். எட்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு தண்ணி விடுற கேம் செய்யுது. மேடை (கேம் ஓடுற திரை) 480 அகலம், இடது ஓரம் எக்ஸ் கழித்தல் 240ல கல்லணை, வலது ஓரம் 240ல கடைமடை, மேக்கேருந்து கெழக்க ஆறு ஓடுறதால திரைக்கும் நெலத்துக்கும் அப்படியே பொருந்திப்போச்சு (இத நான் சொல்லித்தரல, அதுவே செஞ்சுது). ஜூன் 12ன்னு (மேட்டூர் அணை வழக்கமா தொறக்கற நாளு) படுதாவுல எழுதியிருக்கும், கேம தொடங்குற கொடிய அமுக்குனா தண்ணிக்குப் பதிலா நீலப் பந்து கெளம்பும், வழியில செவப்பு ஷட்டர், நேரம் முடியறதுக்குள்ள எதத் தொறக்கணும் எத மூடணும்னு வெளையாடணும். ஆனா ஷட்டர் மூடியிருக்கும்போதே பந்து ஊடால பூந்து போயிக்கிட்டே இருந்துச்சு. அது கடுப்புல கத்துன வார்த்தய அப்படியே எழுதுறேன்: "சார், ஷட்டர் மூடித்தான் கெடக்கு, என் காய் பாட்டுக்கு உள்ள போவுது!"

மொதல்ல நான் காய கவனிக்கல, பிழையத்தான் பாத்தேன். "செவப்பு மேல பட்டா நில்லு"ங்கற பிளாக்கு, ஓயாம சுத்துற பிளாக்குக்கு வெளிய தனியா கெடந்துச்சு, அதனால கொடி அமுக்குன அந்த நொடி ஒரே ஒரு தடவை பாக்குது, அப்ப பந்து கல்லணையில நிக்குது, செவப்பு எங்க படும்? ஒரு தரம் எட்டிப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிட்ட லஸ்கர் (ஷட்டரப் பாத்துக்கற பொதுப்பணித்துறை ஆளு) மாதிரின்னு சொன்னேன், அந்தப் பொண்ணோட தாத்தா ஆத்துல லஸ்கரா இருந்தவராம், என்னை ஒரு மொற மொறச்சுட்டு பிளாக்க இழுத்து உள்ள போட்டுச்சு. பந்து நின்னுது.

அப்பறம்தான் உறைச்சுது. யாரும் சொல்லித்தராம அந்தப் புள்ள காய்னு சொல்லுது. தாயத்துல, பல்லாங்குழில எல்லாம் நம்ம கையில இருக்கறது காய்தானே. சும்மா பேரா வந்தா பரவால்ல, வினைச்சொல்லையும் கூடவே இழுத்துக்கிட்டு வருது: காய் எறக்கு, காய நகர்த்து, காய வெட்டு, கட்டத்த சுத்தி வந்து சேந்தா காய் பழம். தாயம் விழுந்தாத்தான் காய் எறங்கும்கறது, கொடி அமுக்குனாத்தான் ஸ்கிரிப்ட் ஓடும்கறதோட அண்ணன் தம்பி. ஆடுபுலியில 3 புலி, 15 ஆடு, ரெண்டும் காய்தான், ஆனா ரெண்டுக்கும் விதி வேற வேற. ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட்னு நான் அரை மணி நேரம் தொண்டை கிழிய சொன்னது இதத்தான். கையும் காலும் தேவையில்ல, பந்தும் காய், கொக்கும் காய், ஷட்டரும் காய்.

அதனால ஸ்பிரைட் = காய். திட்டுறவங்க திட்டலாம்.

---

தம்பி, பிடிச்சிருக்கு, ஆனா ரெண்டு எடத்துல இடிக்குது. எங்க மன்னார்குடி குரூப்புல ஒரு பையன் காய்கறிக் கடை கேம் செய்யறான், அவன் ஷீட்ல "கத்திரிக்காய் காயை நகர்த்தவும்"னு போடவா? படிச்சுட்டு நானே சிரிச்சேன். இன்னொண்ணு, காஸ்ட்யூமுக்கு (ஒரே ஸ்பிரைட் மாத்தி மாத்திக் காட்டுற தோற்றம்) நாம போன மாசம் வேசம்னு முடிவு பண்ணோம், பொம்மைக்கு வேசம் கட்டலாம், காய்க்கு எப்படி கட்டுறது? தாயக்காய் தானா நகராதுங்கற வாதத்த நான் எடுக்கல, அத ஐயா எடுப்பார்.

---

அக்கா, கத்திரிக்காய்க்கு பதில் இருக்கு. பட்டியல்ல ஆட்டக்காய்னு முழுசா போட்டுடலாம், பேச்சுல காய்னே இருக்கட்டும், கடைக்காரப் பையனுக்கு மட்டும் ஷீட்ல ஆட்டக்காய்.

வேசத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, ராத்திரி பூரா அதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. காலையில பையன் சேத்துல உருண்டுட்டு வந்தான், எங்க அம்மா "என்னடா கோலம் இது"ன்னாங்க. கோலம்! சாமிக்கு மணக்கோலம், எங்க வீட்டு பயலுக்கு சேத்துக்கோலம், ஆளு அதே ஆளு, தோற்றம் மட்டும்தான் மாறுது. கொக்கு ரெக்கைய மடக்குனா ஒரு கோலம், விரிச்சா அடுத்த கோலம், பந்து செவந்தா அதுவும் ஒரு கோலம். "அடுத்த கோலம்"னு பிளாக்க படிச்சுப் பாருங்க, வாயில தடுக்கல. அதுவும் இல்லாம அத வரையறதே அவங்க கையாலதான்.

காய் தானா நகராதேன்னு ஐயா கேட்டா எங்கிட்ட பதில் இல்ல, ஒத்துக்கிறேன், ஆனா பாவையும் தானா நகராது.

குளோனுக்கு (கேம் ஓடும்போதே ஒரு ஸ்பிரைட்லேருந்து எடுக்கற நகல்) இன்னும் ஒரு சொல்லும் சிக்கல. கொக்கு கேம் செய்யற பையன் "ஒரு கொக்க மறைச்சு வச்சுக்கிட்டு அதுலேருந்து நாத்து மாதிரி எடுத்து எடுத்து நடுறோம் சார்"னான். நாத்துன்னே வச்சா, ஒளிஞ்சிருக்கற மூலக் காய் நாத்தங்கால் ஆயிடும், எனக்கு ஆசைதான், ஆனா கொக்க நடுறதான்னு நீங்க கேப்பீங்க. சனிக்கிழமை சாயந்திரம் ஷீட்ட ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போறேன், காய், கோலம், படுதா மூணும் போவுது, குளோன் இருக்கற எடத்துல கோடு போட்டு காலியா விட்டுடறேன், வேற யாருக்காவது தோணுனா அதுக்குள்ள எழுதுங்க.