ஆவணத் தேடலுக்கு ஆறு நொடி ஆகிறது: எங்கிருந்து ஆராய்வது?

பாலாற்றங்கரை:
வணக்கம். வேலூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, வட ஆற்காடு பற்றிய பழைய நூல்களையும் இதழ்களையும் எழுத்துணரி மூலம் உரையாக்கி, ஏறத்தாழ 9 லட்சம் பக்கங்களை எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியில் ஏற்றியிருக்கிறோம். சர்வர் ஒன்றுதான், அதன் 16 ஜிபி நினைவகத்தில் 13 ஜிபியை ஜாவா ஹீப்புக்கு (தேடுபொறி நிரல் தனக்கென எடுத்துக்கொள்ளும் நினைவகம்) ஒதுக்கியுள்ளோம். ஒரே பெயரை வட ஆற்காடு, வட ஆர்க்காடு, வடஆற்காடு என்று நூலுக்கு நூல் வேறாக எழுதியிருப்பதாலும், வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதாலும், தேடும் சொல்லின் முன்னும் பின்னும், எந்த எழுத்துகளும் வரலாம் என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறி (*) சேருமாறு நிரலை அமைத்தோம். இப்போது ஒரு தேடலுக்கு ஆறு நொடி ஆகிறது. நினைவகத்தை 32 ஜிபியாக உயர்த்தினால் சரியாகுமா?

குடியாத்தம் நிரலர்:
நினைவகம் வாங்குவதற்கு முன், வினவலில் ப்ரொஃபைல் வசதியை இயக்கி, எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். முன்னால் நிற்கும் நட்சத்திரக் குறியே காரணம் என்பது என் கணிப்பு. தேடுபொறி சொற்களை வரிசைப்படுத்தி வைத்திருப்பதால், 'ஆற்கா' என்று தொடங்குபவற்றை அகராதியைப் புரட்டுவதுபோல உடனே எடுத்துவிடும்; 'காடு' என்று முடிபவற்றுக்கோ அகராதி முழுவதையும் படித்தாக வேண்டும். எழுத்துணரியின் ஒவ்வொரு பிழையும் தனிச் சொல்லாகப் பதிவாவதால் உங்கள் அகராதி மிகவும் பெருத்திருக்கும்.

பின்னால் மட்டும் குறியிட்டாலும் போதாது. 'வேலூர்' என்பதன் இறுதிப் புள்ளி கணினிக்குத் தனிக் குறியீடு. 'வேலூரில்' என்ற சொல்லில் அதன் இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. எனவே சொற்களின் தொடக்கத் துண்டுகளைப் பதிவின்போதே எட்ஜ் என்கிராம் மூலம் சேமித்து, தேடும் சொல்லின் இறுதிப் புள்ளியை நீக்கிவிட்டுத் தேடுங்கள். தேடும் சொல்லையும் துண்டாக்கிவிடாமல், அதற்குத் தனிப் பகுப்பியை (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) அமைப்பது முக்கியம். எழுத்து வேறுபாடுகளுக்கு ஒருபொருட்பெயர்ப் பட்டியல் போதும். ஆனால் அதில் வேலூரையும் வட ஆற்காட்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். 1989-இல் பிரிக்கப்படும் வரை திருவண்ணாமலையும் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.

காட்பாடி வாசகர்:
ஹீப்பின் அளவும் தவறாக உள்ளது. பதிவுக் கோப்புகளை இயங்குதளம் தன் இடைநினைவில் வைத்துக்கொள்ள இடம் வேண்டும் என்பதால், ஹீப் மொத்த நினைவகத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு 8 ஜிபி. ஆண்டு, இதழ்ப் பெயர் போன்ற நிபந்தனைகளை வினவலின் ஃபில்டர் (வடிகட்டி) பகுதிக்கு மாற்றுங்கள். அவற்றுக்குப் பொருத்த மதிப்பெண் கணக்கிடும் வேலை மிச்சமாகும்.

பாலாற்றங்கரை:
இருவருக்கும் நன்றி. அளந்து பார்த்தபோது நேரத்தில் பெரும்பகுதி நட்சத்திரக் குறி வினவலுக்கே சென்றிருந்தது. ஹீப்பைக் குறைத்து, மறுபதிவு செய்தபின் பெரும்பாலான தேடல்கள் அரை நொடிக்குள் முடிகின்றன. ஆனால் 'பொன்னை' என்ற ஊரைத் தேடினால் சில பக்கங்கள் வருவதில்லை.

குடியாத்தம் நிரலர்:
ஒகரக் குறியைச் சில கோப்புகளில் ஒரே குறியீடாகவும், வேறு சிலவற்றில் கொம்பு, கால் என இரண்டாகவும் பதிந்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்கு அவை இரு வேறு சொற்கள். எலாஸ்டிக்சர்ச்சுக்கான ஐசியு செருகுநிரலின் என்எஃப்சி இயல்பாக்கத்தை (இரண்டாகப் பதிந்ததை ஒரே குறியீடாக்கும் வசதி) பதிவிலும் தேடலிலும் சேர்த்து, மீண்டும் ஒருமுறை மறுபதிவு செய்யுங்கள்.