ஐஸ்லாந்துப் பயணத் திட்டத்தில் காற்றுக்கென ஒரு நாள்

ஐஸ்லாந்துக்குச் செல்லவிருக்கும் நண்பர்களுக்கு உதவும் என்பதால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் என் மனைவியும் வாடகைக் காரில், தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையை எட்டு நாட்களில் முடிப்பதாகத் திட்டமிட்டிருந்தோம். அதன் நீளம் ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 165 கிலோமீட்டர் என்றால் சிரமமே இராது என்று நம்பினோம். அந்தக் கணக்கில் காற்றைச் சேர்க்கவில்லை என்பதே நாங்கள் செய்த பிழை.

மூன்றாம் நாள் இரவு தென்கரையில் வீக் என்ற சிற்றூரில் தங்கினோம். மறுநாள் காலை பெட்டிகளுடன் இறங்கியபோது, விடுதியை நடத்தும் அம்மையார், கிழக்கே செல்லும் சாலையைக் காற்றின் காரணமாக மூடிவிட்டார்கள் என்றார். மழையும் இல்லை, பனியும் இல்லை, வானம் வெளுத்துத் தெளிவாகவே இருந்ததால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் வாதாடாமல் என்னுடன் கார் வரை வந்து, கதவின் மேல்விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, இப்போது திறங்கள் என்றார். கைப்பிடியை இழுத்த நொடியிலேயே காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டது; இருவரும் சேர்ந்து உடல் எடை முழுவதையும் கொடுத்துத்தான் அதைச் சாத்த முடிந்தது. காரின் முகம் காற்றுக்கு எதிராக இருக்கும்படி நிறுத்த வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டுமே திறக்க வேண்டும் என்பதை அன்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். காற்றால் கதவு வளைவதும், பறக்கும் மணலால் பெயின்ட் உரிவதும் வாடகைக் காரின் அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் அடங்குவதில்லை. மணல், சாம்பல் சேதத்துக்கென்று தனிக் காப்பீடு உண்டு; தென்கரைக்குச் செல்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டாம்.

அடுத்த நாள் சாலை திறந்தது. மரமோ குன்றோ மறைக்காத கருமணல் வெளியில் பல கிலோமீட்டர் போன பின்னரே, ஏன் மூடினார்கள் என்பது விளங்கியது. ஸ்காஃப்டாஃபெல்லுக்கு அருகே முறுக்கிய கம்பிபோல் வளைந்து கிடக்கும் இரும்பு உத்திரங்களைப் பார்த்தோம். அந்த மணல்வெளியின் ஆறுகளுக்குப் பாலம் கட்டிய பிறகுதான், 1974இல், இந்தச் சாலை முழு வட்டமானது. 1996இல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் திரண்டு பாய்ந்தபோது பாலங்கள் சிதைந்தன. அவற்றின் மிச்சமே அந்த உத்திரங்கள். மனைவி வெகுநேரம் அவற்றின் அருகிலேயே நின்றிருந்தாள்.

ஒரு நாள் தள்ளிப்போனதால், மலிவு என்று முன்பணம் முழுவதும் கட்டியிருந்த அடுத்தடுத்த விடுதிகளின் பணம் திரும்ப வரவில்லை. வட்டத்தைக் கைவிட்டு, யோகுல்சார்லோன் ஏரியில் மிதக்கும் பனிக்கட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஐஸ்லாந்து செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ வரையிலான செலவை ஏற்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். இவை எளிதாகவே முடிந்தன. கவனம் வேண்டியது தங்குமிடங்களில்தான்: சற்றுக் கூடுதல் விலையானாலும், ரத்து செய்யக்கூடிய அறைகளையே எடுங்கள். தினமும் காலையில் வானிலைத் துறையின் நிற எச்சரிக்கையையும் சாலைத் துறையின் வரைபடத்தையும் பார்த்த பிறகே கிளம்புங்கள்.

அடுத்த ஆண்டு வடகரைக்கும் சேர்த்துப் பத்து நாட்கள் செல்கிறோம். தேதிவாரியாக எழுதிய அட்டவணையில் இரண்டு நாட்களுக்கு நேரே எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறோம்.