பழைய லென்ஸ், படமெல்லாம் மஞ்சள்: அவசர உதவி

குடியாத்தம்35: வேலூர்ல ஒருத்தர்கிட்ட பழைய கேமரா லென்ஸ் வாங்கினேன். அபூர்வமான 8 எலிமென்ட்னு (உள்ள 8 கண்ணாடி இருக்கிற வகை) சொல்லிக் கொடுத்தார். படமெல்லாம் மஞ்சளா வருது. ஃபங்கஸா? கழட்டித் துடைக்கலாமா?

பாலாறு_ஃபிலிம்: எந்த லென்ஸ்? என்ன மவுன்ட் (கேமரால மாட்டுற வகை)? வெள்ளைத் தாள் மேல வச்சுப் பார்த்தாலும் மஞ்சளா?

ஆற்காடு_அனலாக்: ஃபங்கஸேதான். ஐப்பசி மழைல பீரோவுக்குள்ள பூட்டி வச்சா வேற என்ன வரும்? 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் சரிபாதி கலந்து துடைங்க.

கோட்டை_லென்ஸ்: லென்ஸ் பேரே தெரியாம மருந்து எழுதாதீங்க. ஃபங்கஸ்னா சிலந்தி வலை மாதிரி இழை ஓடும், படம் மங்கும். நிறம் மாறாது. பழைய பதிவுகள்ல பல தடவை சொல்லியாச்சு, தேடிட்டுக் கேக்கலாம்.

குடியாத்தம்35: சூப்பர் டாக்குமார் 50 எம்எம் எஃப் 1.4, எம்42 மவுன்ட். தாள்லயும் மஞ்சள்தான்.

கோட்டை_லென்ஸ்: அப்ப 8 இல்ல. 1964-ல வந்த 8 எலிமென்ட்ல தோரியம்ங்கிற கதிர்வீச்சு உலோகம் கிடையாது. அடுத்து வந்த 7 எலிமென்ட்லதான் பின்பக்கம் தோரியக் கண்ணாடி. அதோட கதிர்வீச்சே வருஷக்கணக்குல கண்ணாடியை மஞ்சளாக்கிடும். டெப்த் ஸ்கேல்ல (லென்ஸ் மேல எஃப் எண் வரிசை போட்ட அளவுகோல்) சிவப்பு இன்ஃப்ராரெட் குறி 4-க்கு வலப்பக்கம் இருந்தா 8, இடப்பக்கம்னா 7. 8-ல பின் கண்ணாடி நல்லா புடைச்சும் இருக்கும். சேகரிக்கிறவங்க காசு கொடுக்கிறது அந்த 8-க்குத்தான்.

பாலாறு_ஃபிலிம்: கழட்டவே வேணாம். லென்ஸ்ல இருக்கிற சுவிட்சை மேனுவல்ல வச்சு அப்பர்ச்சரை (வெளிச்சம் போற துளை) 1.4-க்கு முழுசாத் திறங்க. முன்பக்கம் அலுமினியத் தாள் மேல, பின்பக்கம் மேல பார்த்த மாதிரி நிக்க வைங்க. யூவி எல்இடி லேம்பை கண்ணாடிக்குப் பக்கத்துல கொண்டுவந்து விடுங்க. லேம்பை நேரா பாக்காதீங்க. சில நாள்லயே வெளுக்க ஆரம்பிக்கும், முழுசாப் போக வாரக்கணக்காகலாம்.

ஆற்காடு_அனலாக்: லேம்ப் எதுக்கு? நம்மூர் வெயில் போதாதா, மொட்டை மாடில வைங்க.

பாலாறு_ஃபிலிம்: அக்னி நட்சத்திரத்துலயா? ஹெலிகாய்டு (ஃபோகஸ் பண்ணத் திருகுற பாகம்) கிரீஸ் இளகி அப்பர்ச்சர் பிளேடுல எண்ணெய் படியும். பிளேடு ஒட்டிக்கிட்டா எந்த எஃப் எண் வச்சாலும் துளை திறந்தே நிக்கும். சூடு ஏறினா சேத்து ஒட்டின கண்ணாடிக்கு நடுவுல பசையும் விட்டுடும். கீழ்ப்பக்கம் மூடி போடாம விட்டா வெயில் குவிஞ்சு கீழ இருக்கிறது எரியும்.

ஆற்காடு_அனலாக்: மார்கழி காலை வெயில்ல ஒண்ணும் ஆகாது.

பாலாறு_ஃபிலிம்: மார்கழின்னா சரி, மூடி கட்டாயம். இப்ப லேம்ப்தான்.

சத்துவாச்சாரி_ஸ்லைடு: கதிர்வீச்சுங்கிறீங்க, வீட்ல குழந்தைங்க இருக்காங்க சார்.

கோட்டை_லென்ஸ்: ஆல்ஃபா கதிர் ஒரு தாளைக்கூடத் தாண்டாது. காமா கதிர் கொஞ்சம் வரும், அதனால தலைமாட்டுல வைக்காதீங்க. கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. தூள் மூச்சுல போனா அதுதான் ஆபத்து.

குடியாத்தம்35: குறி இடப்பக்கம். 7-தான். லேம்ப் வச்சிருக்கேன், கொஞ்சம் வெளுத்திருக்கு. நன்றி.

சத்துவாச்சாரி_ஸ்லைடு: எத்தனை வாட் லேம்ப் போட்டீங்க?