தளர்ந்த குரல்வளை: கைக்குழந்தைக்கு லேசர் அறுவை அவசியமா?

கேள்வி: நான்கு மாத மகளுக்கு மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சொலி எழுகிறது, மல்லாந்து படுத்தால் அது கூடுகிறது. இது லாரிங்கோமலேசியா (குரல்வளை தளர்ந்திருக்கும் நிலை) என்று சொன்ன மருத்துவர், எடை ஏறாததால் லேசர் அறுவையைப் பரிந்துரைக்கிறார். காத்திருக்கலாமா?

பதில் 1: பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 18 முதல் 24 மாதங்களுக்குள் தானாகவே சரியாகிவிடும் என்பதால், ஒலி மட்டும் இருந்தால் காத்திருக்கலாம், எடை தேங்குவதும் உதடு நீலம் பாரிப்பதும் அப்படியல்ல. எதுக்களிப்பு உண்டா என்றும் கேளுங்கள்.

பதில் 2: நான் மயக்க மருத்துவர். குரல்வளை மூடியின் இருபுறமும் குறுகிக் கிடக்கும் மடிப்பைக் கார்பன் டை ஆக்சைடு லேசரால் வெட்டித் தளர்த்தி, உள்ளே சரியும் மிகைச் சவ்வை வாய்வழியாகவே நீக்குவார்கள். ஆக்சிஜன் மிகுந்தால் லேசரால் தீப்பற்றக்கூடும் என்பதால் அதைக் குறைத்து, குழந்தையின் முகத்தை ஈரத்துணியால் மூடுவோம். அளவுமீறி அகற்றினால் வடு சுருங்கி மூச்சுவழி மீண்டும் குறுகலாம். ஆகவே, குறைவாக வெட்டுபவரையே நான் நம்புவேன்.