எம்பரர் ஏஞ்சலுக்குத் தமிழ்ப் பேரு (வெள்ளிக்கிழமைக்குள்ள!)

தண்டையார்பேட்டை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் கண்காட்சிக்கு பவளப்பாறை மீன்கள் ஃப்ளெக்ஸ் அடிக்கணும், எம்பரர் ஏஞ்சல் மீன் (அறிவியல் பேரு பொமகாந்தஸ் இம்பரேட்டர்) ஒண்ணுதான் தமிழ்ப் பேரில்லாம நிக்குது. செங்கடல்ல இருந்து ஹவாய் வரைக்கும் பரவியிருக்கு, நம்ம பக்கம் மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான். 'பேரரசத் தேவதை மீன்'னு போட்டேன், எட்டாங்கிளாஸ் பசங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க.

ராயபுரம் ஐயா:
மீனுக்கு என்னம்மா தேவதை. பொமகாந்தஸ்ங்கிற பேரப் பிரிச்சா, கிரேக்கத்துல போமான்னா மூடி, அகாந்தான்னா முள்ளு. செவுள் மூடிகிட்ட முள்ளு நீட்டிக்கிட்டிருக்கும், பாக்க இதே மாதிரி இருக்குற வண்ணத்துப்பூச்சி மீனுக்கு அது கெடையாது. குடும்பப் பேரு 'முள்மூடி', புணர்ச்சிப்படி எழுதினா 'முண்மூடி'. உடம்பெல்லாம் மஞ்ச வரி ஓடுறதால 'வரிவேந்தன் முண்மூடி'ன்னு வைங்க.

கொளத்தூர்க்காரன்:
ஐயா, வரிவேந்தன்னா ஜிஎஸ்டி போடுற ராஜாவா? முண்மூடி சுத்தமா புரியல. அதோட குட்டியில மஞ்ச வரியே இருக்காது, கருநீலத்துல வெள்ளை வளையம் வளையமா சுத்தியிருக்கும், வளர வளரத்தான் மாறும். ரெண்டும் ஒரே மீனுன்னா நம்ம கலர் மீன் கடைக்கு வர்றவங்க நம்பவே மாட்டாங்க.

மணலி ஸ்டூடண்ட்:
கடைக்கு வர்றவங்கள விடுங்க, 1787ல ப்ளாக்ங்கிற ஜெர்மன் மீன் ஆய்வாளர் 'இம்பரேட்டர்'னு பேரு வெச்சப்புறமும் 1801ல குட்டிய நிக்கோபாரென்சிஸ்னு தனி இனமா எழுதி வெச்சாங்களே. அதனால பேர்ல வரி வேணாம்.

எண்ணூர் தமிழ்:
வேந்தனும் வேணாம், அவன் மருதத்துத் தெய்வம், வயக்காட்டு ஆளு. நெய்தலுக்கு வருணன். 'வருணமீன்'னா நெறமும் வந்துருது.

ராயபுரம் ஐயா:
வருணம் வடசொல்.

எண்ணூர் தமிழ்:
கிரேக்கத்துல போயி மூடி எடுத்தீங்களே, அது மட்டும் பரவால்லயா?

தண்டையார்பேட்டை டீச்சர்:
சண்டை வேணாம், ஃப்ளெக்ஸ் கடையில இருந்து போன் மேல போன். 'அரசமீன்' ஓகேவா? அப்புறம் இந்த மீனு நம்ம எண்ணூர்ல கெடைக்குமான்னு பசங்க கேக்குறாங்க.

கொளத்தூர்க்காரன்:
கிங்ஃபிஷ்னா வஞ்சிரம் டீச்சர், அரசமீன்னு போட்டா காசிமேட்டுப் பசங்க மசாலா தடவிருவானுங்க.

எண்ணூர் தமிழ்:
இங்க அடியில மணலும் சேறுந்தான், பவளம் புடிச்சு வளர பாறை வேணும், தண்ணி தெளிவா இருக்கணும். அது இல்லாத எடத்துல இது எங்க தங்கும்?

தண்டையார்பேட்டை டீச்சர்:
சரி, 'வேந்தன் ஏஞ்சல்'னே அடிக்கக் குடுத்துட்டேன், தனியா மெசேஜ் போட்ட நாலு பேரு சரின்னாங்க. குட்டி படம், பெரிய மீன் படம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வருது.

ராயபுரம் ஐயா:
பாதித் தமிழ், பாதி இங்கிலீஷு. எனக்கு சம்மதமில்லன்னு பதிவு பண்ணிக்குங்க. முண்மூடிக்கு தனி இழை தொடங்குறேன்.