அந்தோணி அலிசனின் மலேரியா சோதனை: போற்றத் தக்கதா?

வெண்பருதி:
மனித இரத்த மரபியலில் அந்தோணி அலிசனுக்கு இணையாக நான் வைப்பவர்கள் மிகச் சிலர். கென்யாவில் வளர்ந்தவர். 1949-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வுக் குழுவுடன் அங்கே திரும்பிப் போய் மக்களிடம் இரத்த மாதிரிகள் எடுத்தார். கடலோரத்திலும் விக்டோரியா ஏரிப் பக்கத்திலும் ஐந்தில் ஒருவருக்கு மேல், இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கக்கூடிய ‘அரிவாள் செல்’ மரபணு இருந்தது. மேட்டு நிலத்தில் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குழந்தைகள் அன்று பெரும்பாலும் பிழைப்பதில்லை. அப்படியென்றால் தலைமுறைகள் செல்லச் செல்ல அது அருகிப் போயிருக்க வேண்டுமே? கொசு மிகுந்த தாழ்நிலத்தில் மட்டும் ஏன் செழிக்கிறது? ஒருவரிடம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த ஒரு பிரதி மட்டும் இருந்தால் அது மலேரியாவிலிருந்து காக்கிறது என்று 1954-ல் அலிசன் காட்டினார். இயற்கைத் தேர்வு மனிதரிடம் வேலை செய்வதை இவ்வளவு துல்லியமாக அதற்கு முன் யாரும் காட்டியதில்லை.

கருவேலங்காடு:
கேள்வி அபாரமானது, மறுக்கவில்லை. விடைக்காக அவர் செய்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? லூவோ இனத்து ஆண்கள் 30 பேருக்கு, உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றினார். மரபணு இல்லாத 15 பேரில் 14 பேருக்குத் தொற்றியது. இருந்த 15 பேரில் இருவருக்குத்தான். பாடநூல்கள் இந்த எண்களை மெச்சுகின்றன. மனிதரிடம் சோதனை செய்ய அவரது விருப்பமான ஒப்புதல் கட்டாயம் என்ற நூரெம்பர்க் நெறிமுறை 1947-லேயே வந்துவிட்டது. காலனி ஆட்சியில் வெள்ளை மருத்துவர் ஒருவர் கேட்டால், மாட்டேன் என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

வெண்பருதி:
அவர்கள் வயது வந்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள் என்று அவரது கட்டுரை சொல்கிறது. சோதனைக்குப் பின் மலேரியா மருந்தும் கொடுக்கப்பட்டது. குறைந்தது 18 மாதங்கள் மலேரியா இல்லாத இடத்தில் இருந்தவர்களையே தேர்ந்தெடுத்தார். பழைய காய்ச்சல்களால் வந்த எதிர்ப்புச் சக்தி கணக்கைக் குழப்பிவிடக் கூடாது என்ற கவனம் அது.

கருவேலங்காடு:
நீங்கள் கவனம் என்று பாராட்டுவதைத்தான் நான் கொடுமை என்கிறேன். எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்! மரபணு இல்லாதவருக்கு ஆபத்து அதிகம் என்பதுதான் அவரது கருதுகோளே.

நுண்ணோக்கி:
ஆய்வகத்தில் இரத்தம் பார்ப்பவள் என்ற முறையில் இரண்டு செய்திகள். முதலாவது, இது அலிசன் ஒருவரின் யோசனை அன்று. வடக்கு ரொடீஷியாவில் (இன்றைய ஜாம்பியா) பீட் என்ற மருத்துவர், அரிவாள் செல் உள்ளவர்களிடம் மலேரியாக் கிருமி குறைவாக இருப்பதை 1946-லேயே எழுதிவிட்டார். 1949-ல் மரபியலாளர் ஹால்டேன், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைப் பற்றி இதே போன்ற கருத்தை முன்வைத்தார். அலிசனின் பெருமை அதை முறைப்படி சோதித்ததில்தான் இருக்கிறது. இரண்டாவது, அவரிடம் வேறு சான்றும் இருந்தது. உகாண்டாவின் கம்பாலா பக்கத்தில் 290 குழந்தைகளைப் பார்த்தார். யாருக்கும் எதையும் ஏற்றவில்லை. மரபணு உள்ள 43 பேரில் 12 பேரிடமும், இல்லாத 247 பேரில் 113 பேரிடமும் கிருமி இருந்தது. விழுக்காட்டில் ஏறத்தாழ 28-க்கு 46.

வெண்பருதி:
43 குழந்தைகள், அம்மா! நாலைந்து பேர் மாறியிருந்தால் அந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளியிருப்பார்கள். 14-க்கு 2 என்பதை அப்படித் தள்ள முடியாது. அதன் பிறகும் சிலர் நம்பவில்லை. வேறு சில குழுக்களின் ஆய்வுகளில் இதே முடிவு கிடைக்கவுமில்லை. சான்று மெலிந்திருந்தால் கருத்தே புதைந்து போயிருக்கும்.

நுண்ணோக்கி:
புதைந்திருக்காது, தாமதமாகியிருக்கும். கென்யாவின் கிலிஃபியில் பிற்காலத்தில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தே, கடும் மலேரியாவிலிருந்து இந்த மரபணு ஏறத்தாழ 90 விழுக்காடு காக்கிறது என்று நிறுவினார்கள். அலிசனைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. பின்னாளில் அவரும் மனைவி எல்சி யூகியும் உருவாக்கிய மைக்கோபீனோலேட் மருந்து, சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்ற எத்தனையோ பேரின் புதிய உறுப்பைக் காத்து வருகிறது. அந்த நன்றி எனக்கு உண்டு.

வெண்பருதி:
கிலிஃபித் தரவு 1953-ல் யார் கையில் இருந்தது? அன்று ஆண்டுதோறும் மலேரியாவில் செத்துக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகள். அவர்களைக் காப்பது எது என்று அறிய அரை நூற்றாண்டு காத்திருக்கச் சொல்கிறீர்களா? அந்த 30 பேரையும் பாடநூல்கள் நன்றியோடு குறிப்பிட வேண்டும் என்றால் முழுமனதோடு ஆதரிப்பேன். சோதனையே கூடாது என்றால் ஏற்க மாட்டேன்.

கருவேலங்காடு:
அரை நூற்றாண்டு எதற்கு? மரபணுவின் பரவல் வரைபடத்துக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 5,000 பேரின் இரத்தத்தைச் சோதித்தவர் அவர். அந்த உழைப்பில் ஒரு பங்கைக் கம்பாலாக் குழந்தைகளின் கணக்கெடுப்பில் செலவிட்டு, 43 என்பதை 400 ஆக்கியிருக்கலாமே?