மேற்கு வர்ஜீனியா மலையில் கேட்ட தமிழ்

நான் பெங்களூரு அல்சூர்க்காரன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். சாரணர் முகாம் என்றால் தாவணகெரே பக்கத்துக் கொண்டஜ்ஜிதான் தெரியும். 2019 ஜூலையில் பல நாட்டுச் சாரணர்கள் கூடும் பெரிய முகாமான 24-வது உலக சாரணர் ஜம்போரிக்கு அமெரிக்கா போனபோது எனக்கு வயது 16.

முகாம் நடந்த மேற்கு வர்ஜீனியா மலை ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய இடம். இப்போது பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் சாரணர்களுக்கென்றே இருக்கிறது. சுற்றிலும் காடு, நடுவே 45 ஆயிரம் பேர், 12 நாள் கூடார வாசம். மொழி தெரியாவிட்டால் என்ன, சாரணர் வழக்கப்படி இடது கையை நீட்டிக் குலுக்கினால் போதும், பேட்ஜ் பரிமாற்றம் தொடங்கிவிடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சாப்பிடும் இடத்தில் கட்டியிருந்த தார்ப்பாய் ஒரு மூலையில் அவிழ்ந்து படபடவென்று அடித்தது. நான் முளைக்குச்சியில் கயிற்றைக் கட்டக் கட்ட அது வழுக்கியது. "நிக்கவே மாட்டேங்குதே" என்று முணுமுணுத்தேன்.

"இன்னுமொரு சுத்து சுத்திப்போட்டு இழுங்கோ, தம்பி."

திரும்பினால் இலங்கை அணியில் வந்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன். சேற்றிலேயே மண்டியிட்டு, முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, க்ளோவ் ஹிட்ச் என்ற கட்டுக்கு மேல் இரண்டு அரைமுடிச்சு போட்டார். விடியும்வரை அது அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு தூரத்தில் "தம்பி" என்று ஒருவர் கூப்பிடுவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

அதற்கப்புறம் தினமும் ராத்திரி பேசுவோம். பேச்சுவாக்கில் நான் "சும்னே கேட்டேன்" என்றதும், "சும்னேயோ? அதென்ன?" என்று பிடித்துக்கொண்டார். சும்மா என்பதற்குக் கன்னடம் என்றேன். கிளம்பும் நாள் ஸ்கார்ஃப் மாற்றிக்கொண்டோம். இன்றும் வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது அவர் "சும்னே எடுத்தனான்" என்றுதான் தொடங்குவார்.

பதில்:

படித்ததும் என் மகள் ஞாபகம் வந்தது. 2023-ல் தென்கொரியா ஜம்போரிக்குப் போனாள். கடலைத் தூர்த்து எடுத்த நிலம், ஒதுங்க மரநிழல் இல்லை, கடும் வெயில். கடைசியில் கானூன் புயல் வருகிறதென்று ஆகஸ்ட் 8 அன்று எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள். நான் இந்திராநகர் வீட்டில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸிலிருந்து கூப்பிட்டவள் புயலைப் பற்றிப் பேசவே இல்லை. முந்தின நாள் தண்ணீர் தீர்ந்தபோது பக்கத்துக் கூடாரத்து பிரேசில் பெண் தன் பாட்டிலில் பாதியை ஊற்றித் தந்ததைத்தான் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த தீபாவளிக்கு அந்தப் பெண்ணுக்கு முறுக்கு அனுப்பினோம். பாதி நொறுங்கித்தான் போய்ச் சேர்ந்தது, ஆனால் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாளாம்.